கண்ணாடியின் காலி மூலை

"கெட்டுப்போன செல்லுக்கு, தான் கெட்டுப்போயிட்டோம்னு தெரியுமாப்பா?"

பெனிட்டா இப்படிக் கேட்டபோது அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். சங்குத்துறைக் கடற்கரையில் ஒரு படகின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சந்தியாகு. கை முழுக்க கிரீஸ். "எஞ்சினப் பத்திக் கேளு, சொல்லுதேன். இதெல்லாம் உங்க டீச்சர்ட்டக் கேளுட்டி" என்று சிரித்துக்கொண்டே மகளை அனுப்பிவிட்டான்.

இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். அவள் மறந்துபோன அந்தக் கேள்வி, திருநெல்வேலி ஆற்றங்கரைக் கல்லீரல் மையத்தின் மாடியில் ஒரு கட்டிலில் படுத்திருந்த அவனிடம் வந்து நின்றது. வலது விலாவுக்குக் கீழே ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அந்த இடத்துக்கு உள்ளே, கை எட்டாத ஆழத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அது வலிக்கவில்லை. பசியைக் கெடுக்கவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உள்ளே இருந்திருக்கிறது. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

தீர்ப்பு அன்று மதியம்தான் வந்தது. 'புற்று.'

அதைச் சொன்னது 'நோக்கு' என்ற இயந்திரம். கடற்கரையில் எல்லோரும் அதைக் கண்ணு மெஷின் என்றார்கள். ஊர் ஊராக ஊசி வண்டி வரும். சந்தேகம் உள்ளவர்களின் கல்லீரலில் மெல்லிய ஊசியைச் செலுத்தி ஒரு துளி உறிஞ்சுவார்கள். அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவிக் காயவைத்து, நீலச் சாயம் ஏற்றி, மையத்துக்கு அனுப்புவார்கள். முன்பெல்லாம் முடிவு வரப் பல நாள் ஆகும். அந்த நாட்களில் நோயைவிடப் பயமே மனிதர்களை அதிகம் தின்றது என்று அரசாங்கம் நினைத்தது. அதனால் மருத்துவரின் கண்ணுக்குப் பதில் இயந்திரத்தின் கண். தீர்ப்பு சொன்ன மறுநாள் காலையிலேயே கரைப்பு ஊசி. கட்டியையும் அதைச் சுற்றிய கல்லீரலையும் சேர்த்துக் கரைத்துவிடும் மருந்து அது. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான்.

தீர்ப்பு சொல்லும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஓர் ஆறுதல் அலுவலரை வைத்திருந்தார்கள். இளைஞன், மெதுவான குரல்.

"பயப்படாதீங்க சார். நாளைக்குக் காலையில ஊசி. நாளை மறுநாள் நீங்க புது மனுசன்."

"கைய விடுங்க தம்பி, அவியளுக்கு வேர்க்குது" என்றாள் ரெஜினா, சந்தியாகுவின் மனைவி.

"ஆறுதலுக்காகப் பிடிக்கிறதும்மா."

"தெரியுது. ஆனா உங்க கைதான நடுங்குது."

அவன் கையை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சாப்பிடப் போனான். புருசனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். இருவர் மனதிலும் இருந்தது ஒரே பெயர். ரூபன். சந்தியாகுவின் பெரியப்பா மகன். போன மழைக்காலத்தில் இதே மாடியில் இதே ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். ஏற்கெனவே தழும்பேறிப் போயிருந்த கல்லீரல், கரைந்த பாகம் போக மீதியை வைத்துப் பிழைக்க முடியாமல் திணறியது. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சளாகி, கிறிஸ்துமஸ் பார்க்காமலே போய்விட்டார். 'நோய் முற்றியிருந்தது' என்றார்கள்.

"எனக்கும் அதே கிருமிதான் ரெஜினா. அண்ணனுக்கு இருந்த அதே பழைய மஞ்சக்காமால."

"அதுக்கு?"

"என் கல்லீரலும் தழும்பேறித்தான் கிடக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்கல்ல."

"ஊசி போடாட்டி புத்து தின்னுரும். போட்டா ஊசி தின்னுரும்ங்கீங்க. என்னத்தத்தான் செய்யச் சொல்லுதீங்க?" அவள் குரல் உயர்ந்தது. பிறகு அடங்கியது. "நீங்க படுங்க. நான் மாதாட்ட சொல்லிக்கிடுதேன்."

அப்போதுதான் அந்த அம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. கையிலிருந்த சிறிய தட்டை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"சந்தியாகு நீங்கதான? சங்குத்துறை?"

"ஆமா."

"நான் காந்திமதி. செல் பாக்குற டாக்டர். இங்க உக்காரலாமா?"

உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கால்கள் நடுங்குவதைச் சந்தியாகு பார்த்தான். டாக்டர்களின் கால் நடுங்கி அவன் பார்த்ததில்லை.

"கண்ணு மெஷின் வந்த பிறகு எனக்கு வேலை கொறஞ்சுபோச்சு. அப்பப்ப ஒரு ஸ்லைட எடுத்துப் பாத்து, மெஷின் சொன்னது சரிதான்னு சொல்லணும். அவ்வளவுதான். இன்னைக்கு எடுத்தது உங்களோடது."

"சொல்லுங்க."

"எனக்கு அதுல புத்து தெரியல."

ரெஜினா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?" என்றான் சந்தியாகு.

"பொய் சொல்லத் தெரியாது அதுக்கு. சொல்லிக் குடுத்ததச் சொல்லுது" என்றார் டாக்டர். "சொல்லிக் குடுத்தது நான்."

மெதுவாகத்தான் அவரால் சொல்ல முடிந்தது. இயந்திரம் வருவதற்கு முன்னால் தென் மாவட்டத்துக் கல்லீரல் ஸ்லைடுகளையெல்லாம் பெரும்பாலும் அவர்தான் பார்த்துவந்தார். அவருடைய நுண்ணோக்கியில் ஒரு சிறு கேமரா பொருத்தினார்கள். அது செல்களைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தது.

"என் கண்ணு எங்க போகுது, எங்க நிக்குது, எதத் தாண்டிப் போகுதுன்னு வருசக்கணக்கா பாத்துக்கிட்டே இருந்துது. நான் நின்ன எடம் முக்கியமான எடம்னு படிச்சுக்கிட்டுது. நல்ல யோசனதான். எனக்குப் பிறகும் என் கண்ணு இருக்கும்னு எனக்கே பெருமையா இருந்துச்சு."

"அப்ப அது உங்க கண்ணுதான?" என்றாள் ரெஜினா.

"ஆமாம்மா. அதான் பயமா இருக்கு." அவர் குனிந்து கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "எனக்கு ஒரு வழக்கம். ஸ்லைடுல இருக்குற பேர முதல்ல வாசிப்பேன். செல்லப் பாக்கதுக்கு முன்னால அந்த ஆளுக்காக முருகங்கிட்ட வேண்டிக்கிடுவேன். 'இந்த அந்தோணியப் பாத்துக்கோ, இந்த பாத்திமாவப் பாத்துக்கோ.' அவ்வளவுதான். செல்லப் பாத்துக்கிட்டே வேண்ட முடியாது. கெட்டது கண்ணுல பட்டுட்டா மனசு அதுக்குப் பின்னால ஓடிரும். அதனால ஒண்ணுமே இல்லாத காலி மூலையில கண்ண வச்சுக்கிட்டு வேண்டுவேன்."

சந்தியாகுவுக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது.

"மெஷின் அந்த மூலையையும் படிச்சிருக்கு" என்றான்.

"படிச்சிருக்கு." டாக்டர் கண்ணைத் துடைத்தார். "உங்க கடற்கரை ஆளுக வர்றதே முத்திப்போயித்தான் வருவாங்க. கடலுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிடலாம்னு வலியப் பொறுத்துக்கிட்டே இருப்பாங்க. சூசை, மரியான், அந்தோணின்னு பேரப் பாத்தாலே எனக்கு மனசு கனத்துப்போகும். கொஞ்சம் கூடுதலா நின்னு வேண்டுவேன். அதே ஸ்லைடுல பிறகு புத்தும் இருக்கும். மூலையில ரொம்ப நேரம் நின்னா புத்துன்னு அது முடிவு பண்ணிருச்சு."

"ஆனா இப்ப அதப் பாக்கது நீங்க இல்லையே. மெஷினுக்கு எங்க பேரு தெரியுமா?"

"பேரு தெரியாது. கண்ணாடி தெரியும். உங்க ஊர் ஊசி வண்டி கடலுக்குப் பக்கத்துல நிக்குது. காத்துல ஈரம், உப்பு. கண்ணாடி சீக்கிரம் காயாது. சாயம் ஏத்தும்போது காலி இடத்துலயும் லேசா நீலம் படிஞ்சிரும். இங்க திருநெல்வேலியில தடவுற கண்ணாடியில அது கிடையாது. மூலையில நீலப்புகை இருந்தா, அங்க நான் பயந்து நின்னிருப்பேன்னு அதுக்குத் தெரியும். அதுவும் நிக்குது."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.

"டைரக்டர்கிட்ட சொன்னேன். அடுத்த வாரம் குழு கூடும், அங்க பேசலாம்ங்காரு. உங்களுக்கு ஊசி நாளைக்கு. என்னால அத நிறுத்த முடியாது. நீங்க நிறுத்தலாம். 'மனுசக் கண்ணு வேணும்'னு கேக்குற உரிம நோயாளிக்கு உண்டு."

அதை யாரும் கேட்பதில்லை என்பது சந்தியாகுவுக்குத் தெரியும். கேட்டால் ஊசி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார்கள். மறுபடி முறை வர மாதங்கள் ஆகும். உண்மையாகவே புற்று இருந்தால் அந்த மாதங்கள் போதும் அதற்கு.

"நீங்க தப்பாப் பாத்திருந்தா?" என்றான்.

"தப்பாவும் இருக்கலாம்."

அவர் அப்படிச் சொல்லுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க?"

"உண்ம அதுதான. நல்ல கல்லீரல் செல்லும், இப்பத்தான் கெட ஆரம்பிச்ச செல்லும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தனியா ஒண்ணப் பாத்துச் சொல்ல முடியாது. எப்படிக் கூடி நிக்குதுன்னு பாக்கணும். நல்லது மெலிசா வரிசையா நிக்கும். கெட்டது அடையடையா தடிச்சு நிக்கும், அதச் சுத்தி ரத்தக்குழாயோட தோலு வேலி மாதிரி ஓடும். உங்களோடது மெலிசாத்தான் நிக்குது. வேலி இல்ல. சில செல்லு வீங்கியிருக்கு. கிருமியோட சண்ட போட்ட களைப்பு அது. எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன். சத்தியம் பண்ண முடியாது."

ரெஜினா எழுந்தாள். "நாங்க அதப் பாக்கலாமா டாக்டர்?"

கீழ்த்தளத்தில் ஒரு குளிர்ந்த அறை. நடுவில் நோக்கு இருந்தது. இவ்வளவு பேரைப் பயமுறுத்தும் பொருள் ஒரு தையல் மெஷின் உயரம்கூட இல்லை. டாக்டர் தட்டிலிருந்த கண்ணாடியை அதற்குள் வைத்தார். திரையில் நீலமும் ஊதாவுமாகச் செல்கள் விரிந்தன. இயந்திரத்தின் பார்வை எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு சிவப்புப் புள்ளி.

புள்ளி செல்களிடம் போகவில்லை. நேராக மூலைக்குப் போனது. ஒன்றுமே இல்லாத, லேசாக நீலம் பூசிய அந்த இடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு செல்களைப் போகிற போக்கில் ஒரு தடவை தொட்டுவிட்டு எழுதியது: புற்று.

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். தன் மாதிரியே யாரோ ஒருவர் குனிந்து நிற்பதைக் கண்டது போலிருந்தது அவர் முகம்.

பிறகு கண்ணாடியை வெளியே எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், செல்கள் இருக்கும் இடத்தைத் தொடாமல், காலி மூலையை மட்டும் துடைத்தார். மறுபடி உள்ளே வைத்தார். சிவப்புப் புள்ளி மூலைக்குப் போனது. அங்கே அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செல்களிடம் வந்தது. வரிசை வரிசையாக நடந்தது. எழுதியது: புற்று இல்லை.

ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தியாகுவால் சந்தோசப்பட முடியவில்லை. பஞ்சால் ஒரு தரம் துடைத்தால் மாறுகிற ஒன்றை நம்பியா அவன் இங்கே வந்து படுத்திருந்தான்?

"ரூபன் அண்ணனோட கண்ணாடியும் இங்க இருக்குமா?" என்று கேட்டான்.

"இருக்கும்." டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. "அதப் பாக்காம இன்னைக்கு வீட்டுக்குப் போக மாட்டேன்."

மாடிக்குத் திரும்பியபோது ஆறுதல் அலுவலர் காத்திருந்தான். படியில் ஏறும்போதே சந்தியாகு மனதுக்குள் பலமுறை முடிவை மாற்றியிருந்தான். ஒரு பக்கம், எல்லா மருத்துவமனைகளும் நம்பும் இயந்திரம். இன்னொரு பக்கம், கால் நடுங்குகிற ஓர் அம்மா, தப்பாகவும் இருக்கலாம் என்று சொல்கிறவர்.

"நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க?" என்று கூடவே ஏறி வந்த டாக்டரிடம் கேட்டான்.

"தெரியல சந்தியாகு. நான் பயந்தவ. ஒண்ணு சொல்லலாம். நீங்க எதச் சொன்னாலும் நாளைக்குக் காலையில நான் இங்க இருப்பேன். ஊசிதான்னு சொன்னாலும் உங்க கூட இருப்பேன்."

தப்பாகவும் இருக்கலாம் என்று இந்த மாடியில் அவனிடம் சொன்னது அவர் ஒருவர்தான். அதை நினைத்தபோது பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு நிற்பதற்குக் காலுக்கடியில் கொஞ்சம் தரை கிடைத்தது.

"தம்பி, எனக்கு மனுசக் கண்ணு வேணும்" என்றான்.

"சார், வரிசையில கடைசிக்குப் போயிருவீங்க. நல்லா யோசிச்சீங்களா?"

"அவிய யோசிச்சாச்சு. எழுதிக்கோங்க" என்றாள் ரெஜினா. பிறகு, அந்த இளைஞனின் முகத்தைப் பார்த்து, "நீங்க நல்ல பிள்ளதான். இனி கையப் பிடிச்சா, கொஞ்சம் இறுக்கிப் பிடிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கொடுமையாக இருந்தன. விலாவில் ஒரு சுளுக்கு என்றாலும் சந்தியாகுவுக்கு வேர்த்துவிடும். சாப்பாடு இறங்காத நாளில் கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பான். எஞ்சினின் நட்டை முறுக்கிக்கொண்டே தன் உள்ளே இருப்பதை நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுவான். 'ஒரு பைத்தியக்கார டாக்டரம்மா பேச்சக் கேட்டுட்டான்' என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வளரவில்லை. மழை முடிந்து மறுபடி எடுத்தார்கள். வளரவில்லை. அது புற்று இல்லை, தழும்புக்கு நடுவில் முளைத்த வெறும் முடிச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர் காந்திமதி.

ரெஜினா சந்தோசத்தில் ஒரு பை நிறைய நெய்மீன் கருவாடு கொண்டுபோனாள்.

"அம்மா, நான் சைவம்."

"கருவாடுகூடவா?"

"கருவாடும் மீன்தானம்மா."

"அப்ப உங்களுக்கு என்னதான் குடுக்கது?" ரெஜினா உண்மையாகவே வருத்தப்பட்டாள். டாக்டர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போன குழு ஒருவழியாகக் கூடியது. அவர் எல்லாவற்றையும் சொன்னார், பிரார்த்தனை உட்பட. அதை மறைத்திருக்கலாம், 'சாயத்தில் பிழை' என்று சொல்லியிருந்தாலே போதும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் மறைக்கவில்லை. கடற்கரை முழுவதும் நோக்கு நிறுத்தப்பட்டது. 'சாமி கும்பிட்டே ஆளக் கொன்ன டாக்டர்' என்று சிலர் தொலைக்காட்சி விவாதங்களில் உட்கார்ந்து பேசினார்கள். இனி ஸ்லைடுகளில் பெயர் இருக்கக் கூடாது, வெறும் குறியீடு மட்டும்தான் என்று உத்தரவு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், டாக்டர் சங்குத்துறைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். ரூபனின் வீடு எது என்று கேட்டு அதன் முன்னால் நின்றார். சந்தியாகு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டான். தெரு கூடிவிட்டது. ரூபனின் மனைவி ஜெசிந்தா வாசலுக்கு வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் கண்ணாடிய நான் பாத்தேம்மா. அவருக்குப் புத்து இல்ல" என்றார் டாக்டர். "என் கண்ணப் பாத்துப் படிச்ச மெஷின் தப்பாச் சொல்லிருச்சு. இத உங்ககிட்ட வேற யாரும் வந்து சொல்லக் கூடாதுன்னு நானே வந்தேன்."

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டான். அதே கண்ணாடி, அதே நீலம். அண்ணனுக்குக் கிடைக்காத ஒரு துண்டுப் பஞ்சு தனக்குக் கிடைத்தது. மதினியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

பங்குனி வெயில் டாக்டரின் தலையில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

"உங்கள நான் திட்டணும்" என்றாள் ஜெசிந்தா. "நெறைய திட்டணும். வெயில்ல நிக்காதீங்க, நிழலுக்கு வாங்க."

டாக்டர் நிழலுக்குப் போனார். ஜெசிந்தா திட்டினாள். அழுதாள். மறுபடி திட்டினாள். டாக்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நடுவில் ஜெசிந்தாவே உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கடைசியில் டாக்டர் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "இப்ப உங்க பக்கத்து ஸ்லைடெல்லாம் நான் ஒருத்திதான் பாக்கேன். முடியல. சேந்துகிட்டே போகுது. நெசமாவே புத்து இருக்கவங்களுக்கும் நாளாகுது. மெஷின் மறுபடி படிக்கணும். கெட்டது எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியும். இந்தக் கடல்காத்துல தடவுன நல்லது எப்படி இருக்கும்னுதான் தெரியாது. புத்து இல்லாதவங்க யாராவது ஊசி வண்டிக்கு வந்து ஒரு துளி குடுத்தா அது படிச்சுக்கிடும். கேக்க எனக்குத் தகுதி இல்ல. இருந்தாலும் கேக்கேன்."

"எங்க ஈரல்ல குத்தி அதுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கணுமாக்கும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "ஒரு பய போக மாட்டான்" என்றது இன்னொன்று.

திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தம் வரை சந்தியாகு கூடப் போனான்.

"இப்பவும் வேண்டிக்கிடுதீங்களா டாக்டர்?"

"வேண்டினது தப்புன்னு நான் நினைக்கல. என் கண்ணப் பாத்து ஒண்ணு படிச்சுக்கிட்டு இருக்குங்கத மறந்ததுதான் தப்பு. இப்ப கண்ண மூடிக்கிட்டு வேண்டுதேன். ஆனா பேரு வர்றதில்ல. யாருக்குன்னு தெரியாமத்தான் கேக்க வேண்டியிருக்கு."

ஊசி வண்டி மறுநாள் வந்தது. சங்குத்துறையில் யாரும் அதன் பக்கம் போகவில்லை. போகக் கூடாது என்று தெருவில் ஒரு பேச்சே இருந்தது. ரூபனின் வீட்டைத் தாண்டித்தான் அந்த வண்டிக்குப் போக முடியும். அது வெறுமனே நின்றுவிட்டுப் போனது. அடுத்த முறை வந்தபோதும் அப்படித்தான்.

சந்தியாகு ரெஜினாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பயப்படுவாள். பயந்தாலும் போகச் சொல்லுவாள், பிறகு நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிவிடுவாள். அந்தச் சொல் ஜெசிந்தா மதினியின் காதில் விழும். உயிரோடு திரும்பி வந்தவன் அவள் முன்னால் நல்லவனாகவும் நிற்பது அவனுக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு முற்பகலில் அவன் பஸ் ஏறி, தன்னை யாருக்கும் தெரியாத கீழத்துறைக்குப் போனான். அதுவும் கடற்கரைதான், அதே உப்புக்காற்றுதான். வண்டி சுங்கச்சாவடிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே ஒரு டாக்டரும் ஒரு நர்சும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"புத்து இல்லாத ஈரல் வேணும்னு சொன்னாங்க" என்றான் சந்தியாகு. "எனக்கு முன்னால ஒரு கட்டின்னு பாத்து, ஒண்ணுமில்லன்னு ஆச்சு."

இருவரும் அவனை வியப்போடு பார்த்தார்கள். நர்ஸ் எழுந்து விரிப்பைச் சரிசெய்தாள்.

"பேரு சொல்ல வேண்டாம். குறியீடு மட்டும்தான் ஒட்டுவோம். கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரலம்மா."

"வீட்டுல தெரியுமா?"

அவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் ஊசியை எடுத்த டாக்டர்.

"இருக்கு" என்றான். முதல் தடவை குத்தியபோது என்ன நடக்கும் என்று தெரியாது. இந்தத் தடவை தெரியும். தோள்பட்டை வரை ஏறும் வலி தெரியும். ரத்தம் நிற்காமல் போய்விடுவதும் உண்டு என்று தெரியும். யாரும் தன்னைக் கட்டாயப்படுத்தவில்லை, இப்போதுகூட எழுந்து போய்விடலாம் என்பதும் தெரியும். கட்டிலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஊசி உள்ளே போனது.

முடிந்ததும் வலது பக்கமாகத் திரும்பிப் படுத்திருக்கச் சொன்னார்கள். ரத்தம் உள்ளே கசியாமல் இருக்க அப்படித்தான் படுக்க வேண்டும். நர்ஸ் துளியைக் கண்ணாடியில் தடவி, பெயரில்லாத குறியீட்டை ஒட்டி, ஜன்னலோரம் வைத்தாள். இருவரும் மரத்தடியில் டீ குடிக்க இறங்கிப் போனார்கள்.

வலி வந்தது. அவன் அவர்களைக் கூப்பிடவில்லை. கண்ணுக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அவனுடைய துளி ஒரு மங்கலான கறையாக வெளிச்சத்தில் கிடந்தது. சில நாளில் அது ஒரு நுண்ணோக்கியின் கீழே போகும். பார்ப்பவருக்கு யாருடையது என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை என்று நினைத்தபோது அவனுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

கடல்காற்று ஜன்னல் வழியாக ஈரமாக வந்துகொண்டிருந்தது. கண்ணாடி காய நேரமானது. அது காய்கிறவரை அவன் அப்படியே படுத்திருந்தான்.